திரும்ப மறுத்த ஸ்னோமொபீல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கனடாவில் நாங்கள் இருக்கிற ரூஜ் என்கிற பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இலை ஊதும் மெஷினை வெளியே எடுத்தார். இப்போது எல்லோரிடமும் பற்றரியில் ஓடுவதுதான் இருக்கிறது. இவரிடம் இருப்பது பெற்றோலுக்குள் எண்ணெய் கலந்து ஊற்றுகிற பழைய சாதி. கயிற்றை இழுத்தார், அது இருமியது. திரும்பவும் இழுத்தார், பிடித்துக்கொண்டது. நீலப் புகை வேலிக்கு மேலால் எழும்பி எங்கள் குசினி ஜன்னலுக்குள் வந்தது. "அம்மா, ஜன்னலைப் பூட்டுங்கோ, இட்ஸ் சோ க்ரோஸ்!" என்று மகள் மூக்கைப் பொத்தினாள். நான் கையில் பாதி வெட்டின வெங்காயத்தோடு போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தேன். அவள் என்னைப் புத்தி பேதலித்த ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? அவளுடைய அம்மாவின் இளமைக்காலம் மல்லிகைப்பூ மணத்தில் இல்லை, இந்தப் புகையில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோ முடிந்து மார்க்கம் தொடங்குகிற இடத்தில், இப்படிப் புகைக்கிற சின்ன எஞ்சின்கள் திருத்துகிற ஒரு கடையில் நான் வேலை செய்தேன். கோடையில் புல்லு வெட்டும் மெஷின்கள், மாரியில், அதாவது குளிர்காலத்தில், பனி தள்ளும் மெஷின்களும் ஸ்னோமொபீல்களும். கடைக்காரர் ஒரு போலந்துக்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே பிளேனில் வந்து இறங்கியவை என்பதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. வேலை கேட்டுப் போன அன்று, மூலையில் கிடந்த ஒரு செத்த மெஷினைக் காட்டி "ஸ்ராட் பண்ணு" என்றார். ஊரில் என்னைப் பெற்ற ஐயாவின் தண்ணீர் இறைக்கும் மெஷினோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள் நான். அதற்குக் கோபம் வந்தால் எங்கே தட்ட வேண்டும், எங்கே தடவ வேண்டும் என்று தெரியும். இதையும் தட்டித் தடவி எழுப்பினேன். அடுத்த நாள் வரச் சொன்னார்.

அப்போது என்னைத் தன் வீட்டில் வைத்திருந்த சித்திதான் தலையில் கை வைத்தார். "பொம்பிளைப்பிள்ளை கிறீசும் கையுமாய் வந்தால் உன்னை ஆர் கட்டுவான்?" கடைசியில் ஒருவர் கட்டினார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார், அந்தச் சத்தத்திலும் ஏதோ ஒரு எஞ்சின் சரியாக ரியூன் ஆகவில்லை. அது வேறு கதை.

ஸ்னோமொபீல் என்கிற பனியில் ஓடும் வண்டியை நீங்கள் தெருவில் கண்டிருக்கமாட்டீர்கள். முன்னுக்கு இரண்டு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகைகள், பின்னுக்கு அகலமான றப்பர் சங்கிலி. சங்கிலி தள்ளும், ஸ்கீ வழி காட்டும். வண்டி வளையவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் ஸ்கீயைக் காட்டித்தான் திட்டுவார்கள். பாவம் ஸ்கீ, அது ஒன்றும் செய்யவில்லை. கோளாறு அனேகமாகப் பின்பக்கத்தில் இருக்கும். அந்தச் சங்கிலியின் வயிற்றுக்குள் இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றைத் தாங்குகிற ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சட்டங்களின் முன்முனையை ஒரு தடித்த வார் வண்டியின் உடம்போடு கட்டி வைத்திருக்கும். எங்கள் இடுப்பு பெல்ற்றில் இருப்பதுபோல அதிலும் ஓட்டைகள். வாரை ஒரு ஓட்டை இறுக்கினால் பாரம் முன்னுக்கு வரும், ஸ்கீ பனியைக் கடிக்கும், வண்டி சொன்ன பக்கம் போகும். நெகிழ்த்தினால், காஸ் கொடுத்து வேகம் கூட்டினவுடன் மூக்கு எழும்பும், ஸ்கீ பனியைச் சும்மா தடவிக்கொண்டு போகும். பிறகு நீங்கள் கைபிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன்பாட்டில் நேரே போகும். ஆழமான புதுப்பனியில் மூக்கு எழும்புவது நல்லது. உறைந்த ஏரியில் அப்படிப் போவது விசர் வேலை.

அந்தோனி அண்ணை வந்தது ஒரு தை மாதத்தில். ஒரு வான் வண்டியும், அதன் பின்னால் இரவல் வாங்கின ட்ரெயிலரில் ஒரு மஞ்சள் நிறப் பழைய ஸ்னோமொபீலும். ஆள் கட்டை, கைகள் மட்டும் வேறு யாரோ பெரிய மனிதருடையவை. மன்னார்ப் பக்கம் பேசாலையில் மீன்பிடித்தவர், இங்கே பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. கடைக்குள் தமிழ் முகம் ஒன்றைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"சிம்கோ ஏரியில மீன் பிடிக்கிறாங்களாம் எண்டு கேள்விப்பட்டுப் போனன் தங்கச்சி. ஏசுநாதர் தண்ணிக்கு மேல நடந்தவர் எண்டு சின்னனில படிச்சனாங்கள். உவங்கள் வாளியும் பியருமாய் நடக்கிறாங்கள்!"

அதுதான் வாங்கிவிட்டாராம். ஆனால் வண்டி வளையுதில்லை. வானுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு அவருடைய மனைவி பிலோமினா அக்கா இருந்தார். இறங்கி வந்து கடைக்குள் இருங்கோ என்று கூப்பிட்டதற்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை மட்டும் ஆட்டினார்.

வண்டியைச் சரித்துப் பார்த்தேன். வார் கடைசி ஓட்டையில், முழுதாக நெகிழ்ந்து கிடந்தது. பின் ஸ்பிரிங்குகளும் ஆக மென்மையான நிலையில், பின்பக்கம் குந்திக்கொண்டு இருந்தது. முன்பு வைத்திருந்தவன் ஆழப்பனியில் ஓடியிருப்பான் என்று நினைத்தேன். வாரை இறுக்கினேன், ஸ்பிரிங்கை ஏற்றினேன். "இனி நீங்கள் நினைச்சாலே வளையும் அண்ணை" என்று பெருமையடித்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை திரும்பி வந்தார். "வளையுதில்லை தங்கச்சி." சரித்துப் பார்த்தால் வார் பழையபடி கடைசி ஓட்டையில். என் வேலையில்தான் பிழையோ என்று முகம் சூடாகிவிட்டது. திரும்ப இறுக்கினேன். மூன்றாம் முறையும் வந்தார், மூன்றாம் முறையும் அதே ஓட்டை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வார் தானாக அவிழாது, உன்னுடைய ஆள் அவிழ்க்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பியோடு போய்விட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது. "அண்ணை, இதை நீங்களோ கழட்டுறது?"

"ஓம்" என்றார், ஒளிக்காமல். "நீங்கள் இறுக்கினால் மூக்கு இறங்குது. மூக்கு இறங்கப்படாது."

"மூக்கு இறங்கினால்தானே அண்ணை வளையும்!"

"அது உங்கட கணக்கு. அணியம் எழும்பித்தான் நிக்க வேணும். அணியம் குத்தினால் போச்சு."

அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம் என்று எனக்குத் தெரியும். இது வள்ளம் இல்லை, கீழே இருப்பது பனிக்கட்டி, குத்துவதற்கு இங்கே அலை இல்லை என்று நான் ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டார். பிறகு, "எனக்கு மூக்கும் எழும்ப வேணும், வண்டியும் திரும்ப வேணும். ரெண்டையும் செய்து தாங்கோ" என்றார். புதுச் சட்டையில் இடுப்பும் ஒடுங்க வேண்டும், காற்றும் வர வேண்டும் என்று தையல்காரனிடம் கேட்பதுபோல. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் வந்து பாருங்கோ" என்றார். சரி, வந்து முகத்துக்கு நேரே காட்டுகிறேன் என்று நானும் வீம்புக்கு ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர்கள் தேவாலயப் பூசையை முதல்நாள் பின்னேரமே முடித்துவிட்டு, தங்கள் சின்ன மகளை, தெரிந்த ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வழியில் வான் ஏன் இப்படி அண்ணாந்துகொண்டு போகிறது என்று பார்த்தால், கடைசி இருக்கைக்குப் பின்னால் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பனியில் வழுக்காமல் இருக்க இங்கே சிலர் அப்படி வைப்பதுண்டு. கனடாவை நன்றாகப் படித்துவிட்டாரே என்று மனதுக்குள் மெச்சினேன்.

சிம்கோ ஏரி ஒரு வெள்ளைச் சமவெளி மாதிரிக் கிடந்தது. தூரத்தில் மீன்பிடிக்கிறவர்களின் சின்னச் சின்னக் குடில்கள். பாதுகாப்பான பாதை எது, பனிக்கட்டி வெடித்த இடம் எது என்று காட்ட, தெருவில் எறிந்த கிறிஸ்மஸ் மரங்களைக் கொண்டுவந்து வரிசையாக நட்டிருந்தார்கள். வெயில் இருந்தது, சூடு இல்லை. மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர்.

அந்தோனி அண்ணை வண்டியில் ஏறினார். இருக்கையில் எவ்வளவு பின்னுக்கு இருக்க முடியுமோ அவ்வளவு பின்னுக்குப் போய் இருந்தார், வெளி எஞ்சின் பூட்டின போட்டில் இருப்பதுபோல. அவருக்கும் பின்னால் பிலோமினா அக்கா. காஸ் கொடுத்ததும் வண்டி குதிரைபோல மூக்கைத் தூக்கியது. மரவரிசையை நோக்கிப் போய், அதற்கு முன்னால் வளைந்து எங்களிடம் திரும்பி வருவதாகத் திட்டம். வளைய வேண்டிய இடத்தில் கைபிடி முழுதாகத் திரும்பினதை நான் கண்டேன். ஸ்கீ இரண்டும் இடப்பக்கம் பார்த்தன. வண்டி நேரே போனது. இரண்டு மரங்களுக்கு நடுவால், அந்தப் பக்கம் போய்விட்டது.

ஓடினேன். விழுந்தேன், எழும்பி ஓடினேன். அவர் எஞ்சினை நிற்பாட்டி, அக்காவையும் இழுத்துக்கொண்டு உருண்டிருந்தார். வண்டி தன்பாட்டில் வழுக்கிப்போய் நின்றிருந்தது. அதற்கு முன்னால் ஒரு கட்டில் நீளத்துக்குப் பனிக்கட்டி, அதற்குப் பிறகு ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்புத் தண்ணீர். அக்கா எழும்பி இருந்து தன் சால்வையைத் தேடினார். அந்தோனி அண்ணை பனியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். முதல் சொன்ன வார்த்தை இதுதான்:

"மூக்கு நல்லா நிண்டது, பாத்தனீங்களோ?"

கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று எனக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

மூவருமாக வண்டியைப் பின்னுக்கு இழுத்து, மரவரிசைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். அந்தோனி அண்ணை தூண்டிலை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி, யாரோ துளைத்துவிட்டுப் போன ஒரு ஓட்டைக்கு முன்னால் குந்தினார். அக்கா கவிழ்த்த வாளியில் இருந்து பிளாஸ்கைத் திறந்தார். எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி" என்றார். "மூக்கு இறங்கினால் அவருக்கு மூச்சு வராது."

நாட்டுச் சண்டைக்குத் தப்பி அவர்கள் மன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்கு அகதிகளாகப் போனது அவருடைய சொந்தப் போட்டில் என்று தொடங்கினார். போட் நிறையச் சனம். அந்தோனி அண்ணை பின்னால் எஞ்சினில், அவருடைய தம்பி யூட் முன்னால் அணியத்தில். விடிகிற நேரம் காற்று எழும்பியது. பின்பக்கம் தண்ணீர் அடிக்க, நனைந்த சனம் பயத்தில் முன்னுக்கு முன்னுக்கு நகர்ந்தது. பாரம் முன்னுக்குப் போனதும் அணியம் ஒரு அலைக்குள் குத்தியது. அது திரும்ப எழும்பினபோது அணியத்தில் யூட் இல்லை.

"நல்லா வெளிச்சம் வந்திட்டுது. தலை தெரியுது. கை தெரியுது" என்றார் அக்கா. "இவர் திருப்பப் பாத்தவர். அலைக்குப் பக்கவாட்டில திருப்பினால் எல்லாருமாய் கவிழுவம் எண்டு எல்லாருக்கும் தெரியும். திருப்பாதேங்கோ, திருப்பாதேங்கோ எண்டு போட் முழுக்கக் கத்திச்சுது. இவர் திருப்பேல்லை. எல்லாரும் கரை சேர்ந்தம்."

அக்கா கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். "ஒருத்தரும் அவரைக் குற்றம் சொல்லேல்லை. கையெடுத்துக் கும்பிட்டவை. அதுக்குப் பிறகு ஆள் இப்பிடித்தான். பஸ்ஸில ஏறினாலும் பின்னுக்கு. வானுக்குப் பின்னால மண் மூட்டை. அணியமும் எழும்ப வேணும், திரும்பவும் வேணுமாம். ரெண்டையும் ஒண்டாக் கேட்டுக்கொண்டு திரியிறார்."

கோப்பையைப் பனியில் வைத்தேன். கடையில் நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அது கவலையாலும் மாறாது. அந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது. இரண்டும் ஒரே வாரில்தான் இருக்கின்றன. இப்படியே விட்டால், அடுத்த கிழமையோ அதற்கடுத்த கிழமையோ, இந்த இருவரையும் அந்தக் கறுப்புத் தண்ணீர் எடுத்துவிடும்.

ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பிரசங்கம் எதுவும் வரவில்லை.

"அண்ணை, ரெண்டும் கிடைக்காது. மூக்கு எழும்ப வேணுமெண்டால் திரும்பாது. திரும்ப வேணுமெண்டால் மூக்கு இறங்கத்தான் வேணும். எது வேணும்?"

அவர் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். தூண்டில் கயிறு அசையவில்லை. நான் திரும்பி நடக்கத் தொடங்கினபோதுதான் சொன்னார்.

"திரும்பட்டும்."

வண்டியைப் பக்கவாட்டில் சரித்தோம். கையுறையோடு போல்ற் ஆணி பிடிபடாது என்று கையுறையைக் கழற்றினேன், இரும்பு தோலைப் பிடித்து இழுத்தது. நான் ஆணியைக் கழற்ற, அந்தப் பெரிய கைகளால் வாரை அவர்தான் இழுத்துப் பிடித்தார். ஒரு ஓட்டை போதுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி, இன்னொன்று என்றார். ஆணியை அவரே பூட்டினார். பின் ஸ்பிரிங்குகளை ஏற்றினேன். நிமிர்த்தி வைத்ததும் வண்டி முன்னுக்குக் கொஞ்சம் தலைகுனிந்து நின்றது. அவர் அந்த மூக்கையே பார்த்தார். குளிரில் வியர்த்தவரை நான் அன்றுதான் கண்டேன்.

தனியாக ஏறினார். முதலில் பின்னுக்குத்தான் போய் இருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு அரக்கி நகர்ந்தார். காஸ் கொடுத்தபோது மூக்கு எழும்பவில்லை. ஏரியின் நடுப்பக்கமாக, குடில்களைத் தாண்டி, ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போனார். அங்கே கைபிடியைத் திருப்பினார். வண்டி திரும்பியது. அவ்வளவு அழகாக, சொன்ன சொல் கேட்டுத் திரும்பியது. ஒரு பெரிய வட்டம் அடித்து, தான் வந்த அடையாளத்தின் மேலேயே வந்து சேர்ந்து, எஞ்சினை நிற்பாட்டினார்.

இறங்கித் தொப்பியைக் கழற்றினார். கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடுங்குளிரில் ஏரிப் பனிக்கட்டி சத்தம் போடும். அடியில் எங்கேயோ தொடங்கி, ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நீளமாக ஓடுகிற ஒரு முனகல். அன்றைக்கு அது எங்கள் காலுக்குக் கீழால் போனது. அது முடிந்த பிறகு அவர் கூப்பிட்டார்: "யூட்!" திரும்பவும், இன்னும் உரத்து, "யூட்!" மதிய வெயிலில் எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழும்பியது. பயம்தான், வேறொன்றும் இல்லை. ஏதாவது பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தார், ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வருவோமா என்று கேட்டேன். "விடுங்கோ, நிக்கட்டும்" என்றார்.

அந்தோனி அண்ணை திரும்பி வந்து, தூண்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு, "போவம்" என்றார். அந்த மாரி முடிய வண்டியை விற்றுவிட்டார். அதன் பிறகும் மீனுக்குப் போனார், வாளியோடு நடந்து. எனக்குப் பல நாட்கள் கடையில் எஞ்சின்கள் எல்லாம் நின்று அமைதியாகிற நேரம் ஒரு முனகல் கேட்கும். சீமெந்து நிலத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் காலைத் தூக்கி வைப்பேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வீடுகள். போலந்துக்காரர் கடையைக் கொடுத்துவிட்டு எங்கே போனார் என்று தெரியாது. சிம்கோ ஏரியும் இப்போது எல்லா மாரியிலும் முன்புபோல இறுகுவதில்லை, பனிக்கட்டியில் கால் வைக்க வேண்டாம் என்று கரையிலேயே எழுதி வைக்கிறார்கள். அந்தோனி அண்ணைக்கு நெஞ்சு வருத்தம், நித்திரையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு பிலோமினா அக்கா பிக்கரிங்கில் மகளோடு இருந்தார். நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்ப்பேன். ஒருநாள் மகள் வேலைக்குப் போன பிறகு, நான் கேட்காமலே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தொடங்கினார்.

"ஏரியால வீட்டை வந்து, சப்பாத்தும் கழட்டாமல் கதிரையில இருந்தவர். 'பிலோ, நான் திரும்பினன். ஒருத்தரும் கத்தேல்லை' எண்டவர்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"போட் முழுக்கக் கத்திச்சுது எண்டு உங்களுக்குச் சொன்னனான். முதல் கத்தினது நான் தங்கச்சி. மடியில பிள்ளை கிடந்தது. அவர் திருப்பத் தொடங்கினவர், நான் கத்தினன். என்னைக் கேட்டுத்தான் மற்றாக்கள் கத்தினவை. அவருக்கு என்ர குரல் தெரியாமல் இருக்குமோ? சாகுமட்டும் அதைப்பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

பிலோமினா அக்காவும் போன மாரியில் போய்விட்டார். செத்தவீட்டில் அவருடைய மகள் என்னிடம், தனக்கு ஒரு சித்தப்பா இருந்தவராம், அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். வீட்டில் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லையாம், படமும் இல்லையாம். ஏரியில் அந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டவர்களில் இனி நான் ஒருத்திதான் மிச்சம். வாயால் சொன்னால் அந்த முனகல் திரும்பக் கேட்கும்போல இருந்தது. அவளுடைய உள்ளங்கையைப் பிடித்து அந்தப் பெயரை விரலால் எழுதிக் காட்டினேன்.